பேந்து: வினையடை

சொல்லுக்கு நேரே மூன்று பெட்டிகள்.
பொருள்: பிறகு, அப்புறம்.
வழக்கு: யாழ்ப்பாணம்.
மூன்றாவது பெட்டி வெறுமை.
மேற்கோள் தருக,
அச்சு நூல், ஆண்டு, பக்கம்.
வாய்ப்பேச்சு ஏற்கப்படாது.

இந்த ஒழுங்கையில்
நாளுக்கு நூறு தரம் புழங்குகிற சொல்.
பேந்து கதைக்கிறன். பேந்து பாப்பம். பேந்தென்ன.
கொக்குவிலில் ரயில் நிற்கிற அரை நிமிஷத்தில்
ஜன்னலுக்கு உள்ளே ஒருக்கால்
வெளியே ஒருக்கால்.
ஒன்றுக்கும் பக்க எண் இல்லை.

ஒரு வசனம் ஞாபகம் இருந்தது.
ஏ.எல். சோதனைக்குப் படிக்காமல்
ஒளித்து வாசித்த நாவல்.
இரவு, மழை,
இராசமலர் படலையடியில் நிற்கிறாள்.
உள்ளே பிள்ளைக்குக் காய்ச்சல்.

கையில் இருப்பது இரண்டாம் பதிப்பு,
சென்னையில் அச்சிட்டது, நல்ல தாள்.
நூற்று நாற்பத்தேழில்
'நான் பிறகு வாறன்' என்கிறாள்.

பிறகா?

வாறனை விட்டுவைத்த கை
பேந்தை மட்டும் திருத்தியிருக்கிறது.
அச்சுப்பிழை என்று நினைத்திருக்கும்.
பெயர்ந்து, பேர்ந்து, பேந்து என்று
கால் தேய நடந்து வந்த சொல் இதென்று
அந்த மேசைக்கு யார் சொல்லியிருப்பார்கள்.
அல்லது
என் ஞாபகம்தான் பிழையோ.
இருபது வருஷமாய் அவள் வாயில்
என் சொல்லை வைத்துக்கொண்டு திரிந்தேனோ.

முதல் பதிப்பு குருநகரில் இருந்தது.
அன்ரனெற்றாவின் போட்டோக் கொப்பிக் கடையில்,
மெசின் ஆடாமல் இருக்க
ஒரு காலுக்குக் கீழே.
எடுத்துத் தந்தாள். பதிலுக்கு
போன வருஷத் தொலைபேசிப் புத்தகத்தை அண்டக் கொடுத்தாள்.
விலை இரண்டு ரூபா ஐம்பது சதம்.
வெள்ளிப்பூச்சி நூற்று நாற்பத்தேழு வரை வந்து
மழையை அரித்திருந்தது,
படலையில் பாதியை அரித்திருந்தது.
பேந்தைத் தொடவில்லை.
அதைப் பேந்து பாப்பம் என்று விட்டதாக்கும்.

ஒரு கொப்பி எடுத்தோம்.
ஆயிரம் ரூபாத் தாளைப் பார்த்து அவள் சொன்னாள்:
'பத்து ரூபாய்க்கு இதோ?
சில்லறை இல்லை. பேந்து தாங்கோ.'

நின்றேன்.
தெளிவான உச்சரிப்பு, சரியான இடம்,
பொருளில் ஐயமே இல்லை.
அகராதிக்கு உதவாது.

இரவு தட்டச்சுச் செய்யத் தொடங்கினேன்.
இருபது சொல்லுக்கு மேல் பெட்டி வாங்காது.
மழையை எடுத்தேன்.
லாம்பை எடுத்தேன்.
அவள் தலையில் போட்டிருந்த உரச்சாக்கை எடுத்தேன்.
காய்ச்சலை எடுக்கக் கொஞ்சம் யோசித்தேன்,
எடுத்தேன்.
மிஞ்சியது:
'நீ படு, நான் பேந்து வாறன் எண்டாள்.'

நாவலில் அவள் வருகிறாள்.
இருநூற்று ஒன்பதாம் பக்கம்,
சேலை முழங்கால் வரை சேறு,
பரியாரி வீடு பூட்டு.
பிள்ளை காய்ச்சல் விட்டு நித்திரை.
அந்தப் பக்கத்தில் எங்கள் சொல் இல்லை.
எனவே அகராதிக்கு அந்தப் பக்கம் இல்லை.
ஸ்காபரோவில் யாரோ ஒரு பெடியன்
பள்ளிக்கூட வேலைக்குத் தேடுவான்.
அவனுக்கு இராசமலர்
போனவள் மட்டும்தான்.

நோர்வேயிலிருந்து சரிபார்ப்பவர் கேட்டிருந்தார்:
'ஆண்டு 1963 சரியா?
சரியென்றால் நம்மிடம் உள்ள
முதல் சான்று இதுதான்.'
ஓம் என்று எழுதினேன்.
அதற்கு முன் ஒருவரும்
பேந்து வாறன் என்று சொல்லிப் போனதில்லை,
படலைக்கு இந்தப் பக்கம் ஒருவரும்
காத்திருந்ததில்லை
என்று இனி அகராதி சொல்லும்.

மூன்றாவது பெட்டி நிரம்பிவிட்டது.
பச்சை அடையாளம் விழுந்தது.

பத்து ரூபா இன்னும் குடுக்கேல்லை.